மாத்தா, மாத்தோ: ஒப்பனைக் கொட்டகையில் இரண்டு சொற்கள்

மலாய்க்காரர் ஒருவரிடம் உங்கள் கண்ணைத் தொட்டுக் காட்டி, இதற்கு என்ன பெயர் என்று கேளுங்கள். மாத்தா என்பார். பிலிப்பைன்ஸில் தகாலோக் பேசுபவரைக் கேளுங்கள். மாத்தா. பாலித் தீவில் மாத்தா. ஃபிஜியில் மாத்தா. சமோவா, டோங்கா, டஹீட்டி, பசிபிக்கின் நடுவே தன்னந்தனியாகக் கிடக்கும் ஈஸ்டர் தீவு, எங்கே போனாலும் மாத்தா, மாத்தா, மாத்தா! 1,200க்கும் மேற்பட்ட மொழிகள் கொண்ட ஆஸ்ட்ரோனேசியக் குடும்பத்தில் இந்த ஒரு சொல் பாதி பூகோளத்தைச் சுற்றி வந்திருக்கிறது.

இப்போது வரைபடத்தில் விரலை அப்படியே வடமேற்கே நகர்த்துங்கள். தென்னையும் பவளப்பாறையும் போய், பிர்ச் மரமும் பனியும் வரும் வரை. பால்டிக் கடலோரம் லிதுவேனியா என்று ஒரு சின்ன நாடு. அங்கே ‘அவன் பார்க்கிறான்’ என்பதை எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா?

யிஸ் மாத்தோ.

யிஸ் என்றால் அவன். மாத்தோ என்றால் பார்க்கிறான், பார்க்கிறாள், பார்க்கிறார்கள், எல்லாம்தான். முதன்முதலில் இந்த இரண்டு சொற்களையும் அருகருகே எழுதிப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. கண் அங்கே, பார்வை இங்கே. நடுவில் பதினாயிரம் கிலோமீட்டர்!

எங்கள் பக்கத்தில் கூத்து நடக்கும்போது பிள்ளைகள் மேடைக்கு முன்னால் உட்கார மாட்டோம். ஒப்பனைக் கொட்டகையின் கீற்று இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்போம். அரிதாரம் பூசுவதும், கிரீடம் கட்டுவதும், அர்ச்சுனனும் துரியோதனனும் ஒரே குவளையில் டீ குடிப்பதும் மேடையில் நடப்பதைவிட ஆயிரம் மடங்கு சுவாரசியம். சொற்களுக்கும் அப்படி ஒரு கொட்டகை உண்டு. மொழியியலாளர்கள் அதற்குள்ளேதான் வேலை செய்கிறார்கள். கீற்றை விலக்குகிறேன், எட்டிப் பாருங்கள்.

முதலில் மாத்தாவின் பக்கம். இந்தச் சொல் தீவு தீவாக ஒன்றாக இருப்பதை ஐரோப்பியர் கண்டுகொண்ட கதையே ஒரு சிறையில் தொடங்குகிறது. ஃபிரெடெரிக் டெ ஹவுட்மன் என்ற டச்சு மாலுமி 1599இல் சுமத்ராவின் ஆச்சே சுல்தானிடம் சிறைப்பட்டார். 1601இல்தான் வெளியே வந்தார். சிறையில் இருந்த காலத்தில் மலாய் கற்றுக்கொண்டு, ஊர் திரும்பி 1603இல் ஒரு சொற்புத்தகம் வெளியிட்டார். அதில் மலாயோடு மடகாஸ்கர் மொழியும் சேர்ந்திருந்தது. நூறாண்டு கழித்து, 1708இல், அட்ரியன் ரேலண்ட் என்ற ஹாலந்து அறிஞர் மாலுமிகள் கொண்டுவந்த இத்தகைய பட்டியல்களை மேசையில் பரப்பினார். மடகாஸ்கர், மலாய், பசிபிக் தீவுகள் மூன்றிலும் ஒரே சாயல். கப்பலேறாமல், காகிதத்தை மட்டும் பார்த்து, இவர்கள் உறவினர் என்று சொன்ன மனிதர் அவர்.

காகிதத்தில் கண்டது கடற்கரையில் மெய்யானது 1769இல். கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலில் துபாயா என்ற ராயாத்தியா தீவுப் பூசாரி, மாபெரும் கடலோடி, ஏறியிருந்தார். கப்பல் நியூசிலாந்தை அடைந்தது. கரையில் நின்ற மாவோரிகளை நோக்கித் துபாயா தன் தாய்மொழியில் பேசினார். அவர்களுக்குப் புரிந்தது! பல நூற்றாண்டுகளாகத் தொடர்பே இல்லாத இரண்டு தீவுக் கூட்டங்கள், எடுத்த எடுப்பிலேயே பேசிக்கொள்கின்றன. அந்தக் கணத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறிகிறது.

மாத்தா வெறும் கண்ணாக மட்டும் நின்றுவிடவில்லை. மலாயில் ஹாரி என்றால் பகல். மாத்தாஹாரி, பகலின் கண். அதாவது சூரியன். டச்சுப் பெண் மார்கரெத்தா ஜெல்லெ ஜாவாவில் வாழ்ந்து திரும்பி, பாரிஸ் மேடையில் மாத்தா ஹரி என்று பெயர் சூட்டிக்கொண்டது இதிலிருந்துதான். அங்கிருந்து ஃபிஜிக்குப் போங்கள். சூரியன் ‘மாத்தா நி சிங்கா’, அதுவும் பகலின் கண்ணேதான். மலாயில் மாத்தா ஆயர் என்றால் நீரின் கண். நாம் ஊற்றுக்கண் என்கிறோமே, அதே. மாத்தா காக்கி, காலின் கண், கணுக்கால். பழந்தமிழும் மூங்கிலின் கணுவைக் கண் என்றே சொல்லும். (சொல் உறவு எதுவும் இல்லை. எண்ணம் மட்டும் ஒரே தடத்தில் நடந்திருக்கிறது. அதுவே எனக்குப் போதுமான விருந்து.) மாத்தா-மாத்தா என்று இரட்டித்தால் உளவாளி. பழைய சிங்கப்பூர், மலாயாத் தெருக்களில் போலீஸ்காரருக்கும் அதுதான் பெயர். மாவோரிகள் கார்த்திகை மீன்கூட்டத்தை மாத்தாரிக்கி என்பார்கள். அது விடியலில் எழுவதுதான் அவர்களுக்குப் புத்தாண்டு. நியூசிலாந்து அரசு 2022 முதல் அதைப் பொது விடுமுறை ஆக்கியிருக்கிறது.

ஹவாயில் மட்டும் மாத்தா இல்லை, மாக்கா. அங்கே த என்பது க ஆகிவிட்டது. இதற்கும் ஒரு பின்கதை. 1820களில் பாதிரிமார் ஹவாய் மொழியை அச்சிட முனைந்தபோது தீவுக்காரர்களில் சிலர் த என்றனர், சிலர் க என்றனர், ஒருவரே இரண்டும் சொன்னார். அச்சுக்கோப்பவர் என்ன செய்வார்? 1826இல் பாதிரிமார் வாக்கெடுப்பு நடத்தினார்கள். க வென்றது, த எழுத்து வெளியேறியது. ஒரு மொழியின் கண்ணுக்கு எழுத்துக்கூட்டை ஓட்டுப் போட்டு முடிவு செய்திருக்கிறார்கள்!

சரி, இந்தப் பக்கம் வாருங்கள். லிதுவேனியன் கொட்டகை வேறு மாதிரி. இங்கே அலை ஓசை இல்லை, காகித வாசனைதான். தலைநகர் வில்னியூஸில் உள்ள லிதுவேனியன் மொழி நிறுவனத்தில் சொல்லட்டைகள் 40 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. இந்தத் தொகுப்பைத் தொடங்கியவர் காசிமிராஸ் பூகா. தன்னந்தனியாக லட்சக்கணக்கான அட்டைகளை எழுதிக் குவித்தவர், அகராதியின் முதல் பகுதி வெளிவந்த 1924ஆம் ஆண்டிலேயே இறந்துபோனார். பிறகு யுவோசாஸ் பல்சிகோனிஸ் அந்த வேலையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். கிராமத்து ஆசிரியர்கள், மாணவர்கள், பாட்டிகளின் பேச்சைக் குறித்து அனுப்பிய பேரப்பிள்ளைகள் என ஒரு நாடே அட்டை எழுதியது. முதல் தொகுதி 1941இல் வந்தது. இருபதாவது தொகுதி 2002இல். போரும் சோவியத் ஆட்சியும் வந்து போயின, அகராதி மட்டும் நிற்கவில்லை. அறுபத்தோரு வருடம்!

அந்த அகராதியில் மத்தீத்தி என்ற வினைச்சொல்லைத் தேடுங்கள். பார்ப்பது என்று பொருள். அஷ் மத்தாவ், நான் பார்க்கிறேன். து மத்தாய், நீ பார்க்கிறாய். பிறகு நம் கதாநாயகன் மாத்தோ. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது பஸிமத்தீமஸ். அதற்குச் சந்திப்பு என்றும் பொருள், காதலர் சந்திப்பு என்றும் பொருள். விடைபெறும்போது ‘இக்கி பஸிமத்தீமோ’ என்பார்கள். மறுபடி பார்க்கும் வரை. நாம் வாசலில் நின்று “பார்ப்போம்” என்பதேதான்.

இங்கேதான் என் இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்ட இடம் வருகிறது. கவனமாகப் பாருங்கள்.

லிதுவேனியனில் மூக்குக்கு நோஸிஸ் என்று பெயர். சமஸ்கிருதம் வழியாக நமக்கு வந்த சொல் நாசி. தாய்க்கு மோத்தினா. நமக்குத் தெரிந்தது மாதா. அங்கே ஓகாரம் இருக்கும் இடத்தில் இங்கே ஆகாரம். இது ஏதோ இரண்டு சொல்லில் நடந்த விபத்து என்று நினைக்க வேண்டாம். பழைய பால்டிக் மொழியின் நெடில் ஆ எல்லாம் லிதுவேனியனில் ஓ ஆகிவிட்டது. விதி என்றால் விதி, சொல்லுக்குச் சொல் சலுகை கிடையாது. அப்படியானால் மாத்தோவின் கடைசியில் இருக்கும் ஓ? அதுவும் ஒரு காலத்தில் ஆ!

ஆக, பழைய வடிவம்: மாத்தா.

பார்க்கிறான் என்பதற்கு பால்டிக் கரையில் மாத்தா. கண் என்பதற்குப் பசிபிக்கில் மாத்தா. ஒரு படி பின்னால் போனதும் ஒற்றுமை குறையும் என்று பார்த்தால், கூடிவிட்டது! கையில் இருக்கும் பேனாவைக் கீழே போட்டுவிட்டு அறைக்குள் நடக்க வைக்கும் கணம் இது. இந்தக் கணத்தில் பெரிய பெரிய அறிஞர்களே வழுக்கியிருக்கிறார்கள். ஃபிரான்ஸ் போப் சாதாரண ஆள் இல்லை. 1816இல் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், பாரசீகம், ஜெர்மானிய மொழிகளின் வினைச்சொற்களை ஒப்பிட்டு, ஒப்பிலக்கணம் என்ற துறைக்கே அடித்தளம் போட்டவர். அதே போப் 1841இல் ஒரு நூல் வெளியிட்டார். மலாய்-பாலினேசிய மொழிகளும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளும் உறவு என்பது அதன் வாதம். துறையின் தந்தையே கையை நீட்டித் தொட்டுப் பார்த்த கனி இது. அவருக்குப் பின் வந்த தலைமுறைகள் அதை ஏற்கவில்லை. ஏன்?

வேஷத்தைக் கலைக்கும் நேரம் வந்துவிட்டது. எண்ணெய்த் துணியை எடுங்கள்.

மாத்தாவின் முகத்தை முதலில் துடைத்தவர் ஓட்டோ டெம்ப்வோல்ஃப். தொழிலால் மருத்துவர். நியூ கினியில் மலேரியாவோடு மல்லுக்கட்டியவர், நோயாளிகளோடு பேசத் தொடங்கி மொழியில் விழுந்தவர். ஹாம்பர்கில் பேராசிரியராகி, 1934 முதல் 1938 வரை மூன்று தொகுதிகளாக ஆஸ்ட்ரோனேசிய ஒலி வரலாற்றை எழுதினார். அவருடைய முறை அழகானது. முதல் தொகுதியில் தகாலோக், தோபா பத்தக், ஜாவா மொழி என்ற மூன்றை மட்டும் வைத்து மூலமொழியின் ஒலிகளை மீட்டார். அடுத்த தொகுதியில் மலாய், மடகாஸ்கர், ஃபிஜி, டோங்கா, சமோவா என்று மற்றவற்றை ஒவ்வொன்றாக அந்தத் தராசில் ஏற்றினார். தராசு பெரும்பாலும் நின்றது. கண்ணுக்கு அவர் மீட்ட வடிவம் மாத்தா.

இந்த டெம்ப்வோல்ஃப் பிறந்த ஊர் எது என்று பார்த்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். பில்லாவ். பழைய கிழக்குப் பிரஷியாவில், கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் துறைமுகம். பால்டிக் கடல்! லிதுவேனியன் மொழியின் முதல் அச்சுப் புத்தகம், மார்த்தினாஸ் மஜ்வீதாஸ் எழுதிய ஞானோபதேசம், 1547இல் அச்சேறியது அதே கோனிக்ஸ்பெர்கில். பூகா 1924இல் கண்மூடியதும் அங்கேயே. பசிபிக்கின் மாத்தாவை மீட்டெடுத்த மனிதர், மாத்தோ என்று பேசும் மக்களின் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவர். இது எதையும் நிரூபிக்காது. ஆனாலும் இதைச் சொல்லாமல் என்னால் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

டெம்ப்வோல்ஃபின் தராசில் ஏறாத ஒரு தீவு இருந்தது. தைவான். அங்கே சீனர் வருவதற்கு முன்பே வாழ்ந்த பழங்குடியினரின் மொழிகளை ஜப்பானிய அறிஞர் ஓகவா நாவோயோஷி பல்லாண்டுகள் அலைந்து திரட்டி, அசாய் எரினோடு சேர்ந்து 1935இல் பெரும் தொகுப்பாக வெளியிட்டார். அதில் பைவான் மொழியைத் திறந்தால், கண்ணுக்கு மாட்ஸா என்று இருக்கிறது. மாத்தா இல்லை!

சரி, அவர்கள் நாக்குக்கு த வராதோ என்னவோ என்று தள்ளிவிட முடியாது. கொட்டகை வேலையே இதைச் சோதிப்பதுதான். தகாலோக்கில் மனிதன் தாவோ, ஏழு பீத்தோ. இரண்டிலும் ஒரே த. பைவானில் மனிதன் ட்ஸாவுட்ஸாவு, ஏழு பீத்யூ. ஒன்றில் ட்ஸ், மற்றதில் த்ய். தகாலோக் ஒன்றாகக் காட்டுவதைப் பைவான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது, அதுவும் சொல்லுக்குச் சொல் பிசகாமல். அக்கம்பக்க ஒலிகளில் காரணம் எதுவும் இல்லாமல் ஒரே ஒலியை இப்படி ஒழுங்காக இரண்டாக உடைக்க எந்த மொழிக்கும் வழி இல்லை. இரண்டு ஒலிகள் ஒன்றாகக் கலப்பது மட்டும் அன்றாடம் நடப்பது. நம்மில் பலர் ழகரத்தை ளகரத்தோடு கலந்துவிட்டு, வாளையையும் வாழையையும் குழப்பிக்கொள்வதில்லையா, அது போல. அப்படியானால் பழமை தைவானில்தான். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன், படகுகள் தைவானை விட்டுத் தெற்கே கிளம்புவதற்கு முன்னால், கண்ணுக்கு இருந்த பெயரில் த ஒலியே கிடையாது. அந்த ட்ஸ் போன்ற ஒலியை அறிஞர்கள் இன்று ஒரு பெரிய எழுத்தால் குறித்து, முன்னால் ஒரு நட்சத்திரமும் போடுகிறார்கள். நட்சத்திரம் என்றால், யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை, கணக்கிட்டு மீட்டது என்று பொருள். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பிளஸ்ட் 2022இல் இறக்கும் வரை ஆயிரக்கணக்கான இப்படிப்பட்ட நட்சத்திரச் சொற்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

ஆக, மாத்தா என்ற முகம் பிலிப்பைன்ஸ் பக்கம் போன படகில் போட்டுக்கொண்ட அரிதாரம். கீழே இருப்பது மாட்ஸா.

லிதுவேனியன் பக்கமும் துடைப்போம். மாத்தோவின் கடைசியில் பழைய ஆவைப் பார்த்துக் குதித்தோமே, அந்த ஆ யாருடைய சொத்து? அது இந்தச் சொல்லுக்கே உரியதன்று. வினை விகுதி. பார்க்கிறான் என்பதில் வரும் ஆன் மாதிரி. அதைக் கழற்றினால் மிஞ்சுவது மத் மட்டும். ஆஸ்ட்ரோனேசிய மாத்தாவிலோ கடைசி ஆ சொல்லின் உடலோடு ஒட்டிப் பிறந்தது, கழற்ற முடியாது. இரண்டு சட்டைகள் ஒரே நிறம், தையல் வேறு வேறு இடத்தில். போகட்டும், மத் என்ற வேராவது? அதன் ரத்த உறவுகள் பக்கத்து ஸ்லாவிய மொழிகளில் இருக்கின்றன. ரஷ்யனில் பார்ப்பதற்கு ஸ்மத்ரேத் என்று வாயில் வரும், எழுதும்போது ஓ. செர்பியனில் கவனித்துப் பார்ப்பது மோத்ரித்தி. லிதுவேனியன் அ போடும் இடத்தில் ஸ்லாவியர் ஓ போடுவது வழக்கம். லிதுவேனியனில் இரவு நக்திஸ், போலிஷில் நோட்ஸ். செம்மறியாடு இங்கே அவிஸ், அங்கே ஓவ்ட்சா. ஆக இந்த வேருக்கு வீட்டில் மோத் என்றும் ஒரு முகம் உண்டு. அங்கே மாட்ஸா, இங்கே மோத். எவ்வளவு பின்னால் போகிறோமோ அவ்வளவு விலகுகிறார்கள்.

உறவுக்காரர்கள் பின்னால் போகப் போக நெருங்க வேண்டும். அதுதான் கொட்டகையின் ஒரே சட்டம். 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதியபோது கையாண்டதும் இதே சட்டத்தின் முன்னோடி. அதே 1856இல் இன்னொரு இலக்கணமும் வெளிவந்தது. ஆகஸ்ட் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் லிதுவேனியக் குடியானவர்கள் நடுவே போய்த் தங்கி, அவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதிய லிதுவேனியன் இலக்கணம். ஒரே ஆண்டில் இரண்டு புத்தகமும்! நட்சத்திரக் குறி போடும் பழக்கத்தைப் பரப்பியதும் ஷ்லைஷர்தான்.

அப்படியானால் மாத்தாவும் மாத்தோவும் எப்படித்தான் சந்தித்தன? ம ஒலி இல்லாத மொழி உலகில் அபூர்வம். த போன்ற ஒலியும் அப்படியே. உயிரெழுத்தில் ஆ எல்லோருக்கும் பொது. குழந்தையின் வாயில் முதலில் வந்து விழுவதும் இவைதான். உலகில் சுமார் 7,000 மொழிகள் இந்தச் சில செங்கற்களை வைத்தே வீடு கட்டுகின்றன. ஹவாய் மொழிக்கு மெய்யொலி எட்டே எட்டு! போதாததற்கு, கண்ணைத் தேடிப் போன நாம் பார்வையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். இன்னும் கொஞ்சம் தளர்த்தி முகம், ஒளி, காட்சி என்று போனால் எந்த மொழியிலும் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். பொருளை ஒரு விரற்கடை நெகிழ்த்தினாலும் தற்செயலுக்கு ஒரு கதவு திறக்கிறது.

தற்செயலின் உச்சம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். 1960களில் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் என்ற மொழியியலாளர் குவீன்ஸ்லாந்தில் மபபாரம் என்ற மொழியின் கடைசிப் பேச்சாளர்களைத் தேடி அலைந்து, ஆல்பர்ட் பென்னட் என்ற முதியவரைக் கண்டடைந்தார். நாய்க்கு உங்கள் மொழியில் என்ன? முதியவர் சொன்னார்: டாக். ஆங்கிலமேதான்! ஆனால் அது ஆங்கிலத்திலிருந்து வந்ததே இல்லை. பக்கத்து யிதின் மொழியில் நாய்க்குக் குடாகா. மபபாரம் தன் சொற்களின் முதல் அசையையும் கடைசி உயிரொலியையும் விதிப்படி உதிர்த்துவிடும் மொழி. குடாகாவின் தலையும் வாலும் போய் நடுவில் நின்றது டாக். எனக்குத் தெரிந்து மொழியியலில் இதைவிட ஆனந்தமான கதை வேறில்லை.

எண்களிலும் இந்த விளையாட்டு உண்டு. மலாயில் இரண்டு துவா, லிதுவேனியனில் து, சமஸ்கிருதத்தில் துவி. உறவா? தைவானில் புனுன் மக்களிடம் போனால் இரண்டுக்கு துசா. நடுவில் ஒரு ச ஒளிந்திருந்திருக்கிறது, மலாய் அதை விழுங்கிவிட்டது. உறவு இல்லை. அதே நேரம் ஆர்மீனியனில் இரண்டுக்கு எர்க்கு. லிதுவேனியன் துவோடு ஒரு எழுத்தாவது ஒத்துப் போகிறதா? ஆனால் அது சொந்த ரத்தம்! பழைய த்வ என்ற ஒலிக்கூட்டு ஆர்மீனியனில் ர்க் ஆவது விதி.

இதுவரை ஒன்றை மறைத்தே வைத்திருந்தேன். லிதுவேனியனில் கண் என்ற பெயர்ச்சொல்லுக்கு என்ன?

அக்கிஸ்.

சமஸ்கிருதத்தில் கண் அக்ஷி. இவை இரண்டும் உண்மையாகவே ஒரு வேரின் கிளைகள். இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் கண்ணுக்கும் பார்ப்பதற்கும் இருந்த வேர் அது, போலிஷின் ஓக்கோவும் லத்தீனின் ஓகுலுஸும் அங்கிருந்தே. அந்த அக்ஷியை நாம் தினமும் வாயில் வைத்திருக்கிறோம். மீன் போன்ற கண்ணுடையவள், மீன + அக்ஷி, மீனாட்சி! காமாட்சி, விசாலாட்சி எல்லாரிடமும் அதே கண். மதுரையில் சன்னதித் தெருவில் பூ விற்பவர் “மீனாட்சி” என்று கூப்பிடும்போது அந்தப் பெயரின் வாலில், வில்னியூஸில் கண் மருத்துவரிடம் உட்கார்ந்திருப்பவர் சொல்லும் அக்கிஸின் உடன்பிறப்பு ஒலிக்கிறது. பக்கத்தில் இன்னும் பாருங்கள். லிதுவேனியனில் பல் தந்திஸ், சமஸ்கிருதம் வழியே நமக்குத் தந்தம். மூக்கு நோஸிஸ், நாசி. கனவு ஸப்னஸ், சொப்பனம். புகை தூமஸ், தூமம். நெருப்பு உக்னிஸ், அக்கினி. சொல்லுக்குச் சொல் வரிசையில் நிற்கிறார்கள். மலாயிடம் இதே கேள்விகளைக் கேளுங்கள். பல் கீகி, மூக்கு ஹீடுங், நெருப்பு ஆப்பி. ஒன்றும் அசையாது. உறவு என்றால் குடும்பமே கல்யாணத்துக்கு வந்து நிற்க வேண்டும். ஒரே ஒருவர் மட்டும் சாயல் காட்டினால் அவர் பந்தியில் வந்து உட்கார்ந்த அயலார்.

இரண்டையும் சேர்த்து லிதுவேனியனில் ஒரு வாக்கியம் சொல்லலாம். ‘அக்கிஸ் மாத்தோ.’ கண் பார்க்கிறது. இரண்டே சொல். பார்வைக்குச் சம்பந்தமே இல்லாதது போல நிற்கும் அக்கிஸ் மீனாட்சியின் நிஜ ஒன்றுவிட்ட சகோதரி. அச்சு அசலாக இருக்கும் மாத்தோ யாரோ. அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஒரு மாலை முழுவதும் நான் தெருவில் நடந்திருக்கிறேன்.

இன்னும் தலை சுற்ற வேண்டுமா? நவீன கிரேக்கத்தில் கண்ணுக்கு மாத்தி. ஆமாம், மாத்தி! ஏதென்ஸ் கடைகளில் கண்ணேறு படாமல் இருக்க விற்கும் நீலக் கண்ணாடித் தாயத்துக்கும் அதே பெயர். இதுவும் மலாய்க்கு உறவில்லை. பழைய கிரேக்கத்தில் கண் ஒம்மா, சிறு கண் ஒம்மாத்தியோன். முன்னால் ஒ உதிர்ந்தது, பின்னால் யோன் உதிர்ந்தது, மாத்தி நின்றது. வேடிக்கை என்னவென்றால், கண்ணைக் குறித்த வேர் இருந்ததே அந்த முன்பகுதியில்தான், அக்கிஸின் அதே வேர்! கண்ணுக்குரிய பகுதி ஏறக்குறைய முழுதும் போய், விகுதிகள் மட்டும் மிஞ்சி, அவையே இப்போது கண்ணாக விழித்துக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவும் பார்த்த பிறகு, கொட்டகையின் மூலையில் ஒரு பெட்டி மட்டும் பூட்டாமல் கிடக்கிறது. வியட்நாமில் பான் ராங் நகரைச் சுற்றிச் சாம் மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பேசுவது ஆஸ்ட்ரோனேசியக் குடும்பத்து மொழி. கண்ணுக்கு அவர்களிடமும் மாத்தாதான். பக்கத்து வீட்டு வியட்நாமியர் வேறு குடும்பம், ஆஸ்ட்ரோஆசியக் குடும்பம். அவர் கண்ணுக்குச் சொல்வது மத். அதே குடும்பத்தில் மேகாலயத்தின் காசி மக்கள் க்மத் என்கிறார்கள், ஜார்க்கண்டின் சந்தால்கள் மெத் என்கிறார்கள். மாத்தாவும் மத்தும் ஒரே தாய் வயிறா? 1906இல் வில்ஹெல்ம் ஷ்மித் என்ற பாதிரியார் ஆம் என்றார். இரண்டு குடும்பங்களையும் சேர்த்து ஒரு பெருங்குடும்பமாக்கி, அதற்கு ஒரு பெயரும் வைத்தார். அதை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் இன்றும் அட்டைகளைக் கலைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். பைவானின் மாட்ஸாவை ஒரு கையிலும் காசியின் க்மத்தை மறுகையிலும் வைத்துக்கொண்டு நான் இன்னும் கீற்று இடுக்கில்தான் நிற்கிறேன்.